கட்டுகிற ஆள் குறைந்தால் வீடு என்னாகும்?
எலும்பு மெலிவும் ஸ்டெம் செல்லும்: தெரிந்துகொள்வோம்



நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பும் கடன் வசூலும் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் உடம்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். அப்படிப் பேசும்போது இப்போது அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "எலும்பு தேஞ்சு போச்சுன்னு சொல்றாங்க. ஸ்டெம் செல் ஊசி போட்டா எலும்பு திரும்ப வளந்துடுமாமே, நெசமா?" சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "அதுக்குச் சங்கத்துல கடன் கிடைக்குமா?" என்றும் கேட்கிறார்கள்.

கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன், விஷயம் என்ன என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்டெம் செல் என்பது பொய் இல்லை. நம் ஒவ்வொருவர் எலும்புக்குள்ளேயும் அது இருக்கிறது. எலும்பு மெலிவதிலும் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் அதன் பேரைச் சொல்லி விற்கப்படுகிற எல்லாமே வைத்தியம் ஆகிவிடாது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

இரண்டு நோய், ஒரே பேர்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "எலும்பு தேய்மானம்" என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு வேறு நோய்களை.

ஒன்று மூட்டுத் தேய்மானம். முழங்கால் மூட்டில் இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து போவது. இதில் வலி இருக்கும், வீக்கம் இருக்கும், குத்துக்கால் போட்டு உட்கார முடியாது.

இன்னொன்று எலும்பு மெலிவு. டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். எலும்புப்புரை என்றும் சொல்வதுண்டு. இதில் எலும்பே உள்ளுக்குள் அடர்த்தி குறைந்து, கரையான் அரித்த உத்திரம் மாதிரி ஆகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வலியும் இருக்காது. ஒரு நாள் வாசற்படியில் லேசாகத் தடுக்கி விழுந்தால் மணிக்கட்டு உடையும், இடுப்பு எலும்பு உடையும். சிலருக்குக் குடத்தைத் தூக்கும்போதே முதுகெலும்பு நசுங்கிவிடும். அப்போதுதான் தெரிய வரும்.

உலக அளவில் 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூன்றில் ஒருவருக்கு, மீதி வாழ்நாளில் எப்போதாவது இப்படி எலும்பு முறிவு வரும் என்று சர்வதேச எலும்புப்புரை அமைப்பு சொல்கிறது. ஆண்களில் இது ஐந்தில் ஒருவர். இந்தக் கட்டுரை இந்த இரண்டாவது நோயைப் பற்றியது.

எலும்பு கல் இல்லை

எலும்பு என்றால் செத்த கட்டை, ஒருமுறை வளர்ந்தால் அப்படியே இருக்கும் என்று பலர் நினைக்கிறோம். அது தப்பு. எலும்பு உயிருள்ளது. அதற்குள் எப்போதும் மராமத்து வேலை நடந்துகொண்டே இருக்கிறது. வளர்ந்த மனிதருக்கு ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் எலும்பு பழசு போய்ப் புதுசாகிறது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை நம் எலும்புக்கூடே ஏறக்குறைய மாறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மராமத்தில் இரண்டு வகை ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

இடிக்கிற செல்கள்: பழசாகி விரிசல் விட்ட எலும்பை அரித்து எடுப்பவை.
கட்டுகிற செல்கள்: அந்தப் பள்ளத்தில் புது எலும்பை வைத்துப் பூசுபவை. சுண்ணாம்புச் சத்தான கால்சியம் அதில் படிந்து கெட்டியாகும்.

பழைய சுவரை இடிக்க ஒரு நாள் போதும், கட்டத்தான் பல நாள் வேண்டும் என்பது வீடு கட்டிய நமக்குத் தெரியும். எலும்பிலும் அதே கதைதான். ஓரிடத்தில் இடிப்பது சில வாரத்தில் முடிந்துவிடும். அதே இடத்தைக் கட்டி முடிக்க சில மாதம் ஆகும். அதனால் இடிப்பு கொஞ்சம் கூடினாலும், கட்டுவது கொஞ்சம் குறைந்தாலும், கணக்கில் துண்டு விழும். துண்டு வருஷக்கணக்காக விழுந்தால் வருவதே எலும்பு மெலிவு.

ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

ஆட்டுக்கறி எடுக்கும்போது நல்லி எலும்பு கேட்டு வாங்குவோம். தட்டினால் உள்ளிருந்து மெதுமெதுவென்று வருமே, அதுதான் எலும்பு மஜ்ஜை. நம் எலும்புகளுக்குள்ளும் அது இருக்கிறது. இடிக்கிற ஆளுக்கும் கட்டுகிற ஆளுக்கும் பிறந்த வீடு அதுதான்.

மஜ்ஜைக்குள் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. தமிழில் குருத்தணு என்பார்கள். தாய் செல் என்று சொன்னாலும் பொருந்தும். இது என்ன வேலைக்குப் போவது என்று இன்னும் முடிவாகாத செல். படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளை மாதிரி. யார் கூப்பிடுகிறார்கள், என்ன சூழ்நிலை என்பதைப் பொறுத்து ஒரு வேலைக்குப் போகும். போன பிறகு அதே வேலைதான்.

மஜ்ஜையில் இரண்டு குடும்பம் உண்டு.

முதல் குடும்பம் ரத்தத் தாய் செல்கள். சிவப்பணு, வெள்ளையணு எல்லாம் இதிலிருந்து வருகின்றன. இவை இருப்பதைக் கனடாவில் டில், மெக்கல்லக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1961-இல் காட்டினார்கள். எலும்பை இடிக்கிற செல்லும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இரண்டாவது குடும்பம் வேறு. ரஷ்ய விஞ்ஞானி ஃபிரீடன்ஸ்டைன் 1960-களிலும் 70-களிலும் மஜ்ஜையை ஆராய்ந்து, எலும்பை உண்டாக்கக்கூடிய தனி வகைச் செல்கள் அதில் இருப்பதைக் காட்டினார். பின்னால் 1991-இல் அமெரிக்காவின் கேப்லன் இவற்றுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பேர் வைத்தார். பேர் வாயில் நுழையவில்லை என்றால் பரவாயில்லை. "எலும்புத் தாய் செல்" என்று வைத்துக்கொள்வோம். கட்டுகிற செல்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

ஆனால் இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. இந்த எலும்புத் தாய் செல் எலும்பு கட்டும் வேலைக்கு மட்டும் போவதில்லை. அதே செல் கொழுப்புச் செல்லாகவும் மாறலாம், குருத்தெலும்புச் செல்லாகவும் மாறலாம். 1999-இல் மனித மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களை வைத்தே இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

வயசானால் என்ன நடக்கிறது?

நம்ம ஊரிலேயே பார்க்கிறோம். முன்பெல்லாம் தெருவுக்கு நாலு கொத்தனார் இருந்தார்கள். இப்போது பிள்ளைகள் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு சுவர் விழுந்தால் எடுத்துக்கட்ட ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

எலும்புக்குள்ளும் அப்படித்தான். இளம் வயதில் எலும்புத் தாய் செல்களில் நிறைய கட்டுகிற வேலைக்குப் போகும். வயது ஏற ஏற அந்த வழி குறைந்து, கொழுப்புச் செல்லாக மாறுவது கூடிவிடுகிறது. தாய் செல்களுக்கும் வயசாகிறது, சுறுசுறுப்பு குறைகிறது. முடிவு என்ன? எலும்புக்குள் கட்டுகிற ஆள் குறைவு, கொழுப்பு அதிகம். எலும்பு மெலிவு வந்தவர்களின் எலும்புக்குள் கொழுப்பு கூடியிருப்பதை பிரான்சில் மூனியே என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் 1971-லேயே எழுதியிருக்கிறார்கள்.

"அப்ப ஒல்லியா இருந்தா எலும்பு நல்லா இருக்குமா?" என்று கேட்கக்கூடாது. இது எலும்புக்குள் இருக்கும் கொழுப்பைப் பற்றிய பேச்சு. வயிற்றுக் கொழுப்பு இல்லை. உண்மையில் ரொம்ப ஒல்லியாக இருக்கும் பெண்களுக்குத்தான் எலும்பு முறியும் ஆபத்து அதிகம்.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

நம் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கிறது. சினைப்பையிலிருந்து வருகிறது. மாதவிலக்கை நடத்துவது மட்டும் அதன் வேலை இல்லை. எலும்பு மராமத்துக்கு அதுதான் மேஸ்திரி. இடிக்கிற ஆட்களை அளவோடு வைத்திருக்கும். தாய் செல்களைக் கட்டுகிற பக்கம் அனுப்பிவைக்கும்.

மாதவிலக்கு நின்றதும் மேஸ்திரி வேலையை விட்டுப் போன மாதிரி ஆகிறது. இடிக்கிற ஆட்கள் கூடிவிடுகிறார்கள். கட்டுகிறவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மாதவிலக்கு நின்ற முதல் 5 முதல் 7 ஆண்டுகளில் வருஷத்துக்கு 2 சதவீதம் வரை எலும்பு குறையலாம். அதற்குப் பிறகும் குறையும், ஆனால் வேகம் தணிந்திருக்கும்.

இங்கே நம் கிராமத்துப் பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளைப்படுதல், அதிக ரத்தப்போக்கு என்று போய், 30 வயதிலும் 35 வயதிலும் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வருகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு?" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கர்ப்பப்பையோடு சினைப்பை இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டால், ஈஸ்ட்ரோஜன் அன்றைக்கே பெரும்பாலும் நின்றுவிடும். 50 வயதில் தொடங்க வேண்டிய எலும்பு இழப்பு 35 வயதிலேயே தொடங்கிவிடும். சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு அது சீக்கிரம் ஓய்ந்துபோகலாம்.

சிலருக்கு ஆபரேஷன் உண்மையிலேயே தேவைப்படும். பயப்பட வேண்டாம். ஆனால் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: "மாத்திரையில் சரி பண்ண முடியாதா? சினைப்பையையும் எடுக்கப் போறீங்களா? ஏன்?" ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள், சினைப்பை இருக்கிறதா என்பதை டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொட்டலத்து மாத்திரை

தாய் செல்லைக் கெடுப்பதில் வயசுக்கு அடுத்தபடி சொல்ல வேண்டியது ஸ்டீராய்டு மருந்து. இது தாய் செல்களைக் கட்டும் வேலையிலிருந்து கொழுப்புப் பக்கம் திருப்பிவிடுகிறது. ஏற்கெனவே இருக்கிற கட்டுகிற செல்களின் ஆயுளையும் குறைக்கிறது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. ஆஸ்துமா முற்றும்போதும், வேறு சில கடுமையான நோய்களுக்கும் உயிரைக் காப்பாற்றும் மருந்து அது. பிரச்சினை எங்கே என்றால், பேர் தெரியாத பொட்டலத்தில்தான். மூட்டுவலி என்று போனால் சீட்டு எதுவும் இல்லாமல் நாலு கலர் மாத்திரையை மடித்துக் கொடுப்பதும், மாதாமாதம் ஓர் ஊசி போடுவதும் பல ஊர்களில் நடக்கிறது. போட்ட மறுநாளே வலி போய், பசி எடுத்து, முகம் உப்பி, "ராசியான கை" என்று பேர் வாங்கிவிடுவார்கள். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால், மூன்று மாதம் தொடர்ந்து சாப்பிட்டாலே எலும்பைப் பாதிக்கும்.

இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள்.

1. எந்த மாத்திரையானாலும் அட்டையோடு, சீட்டோடு வாங்குங்கள். பேர் தெரியாததைச் சாப்பிடாதீர்கள்.
2. நீண்ட நாளாகச் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் போய்ச் சொல்லி, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஆஸ்துமாவுக்கு இழுக்கும் இன்ஹேலரில் மருந்தின் அளவு குறைவு. அதற்குப் பயந்து அதை நிறுத்த வேண்டாம்.

சரி, ஸ்டெம் செல் ஊசி?

கட்டுகிற ஆள் குறைந்துவிட்டால், வெளியிலிருந்து தாய் செல்லைக் கொண்டுவந்து ஊசியில் ஏற்றினால் என்ன? நல்ல கேள்விதான். விஞ்ஞானிகளும் இதைத்தான் கேட்டு, பல நாடுகளில் ஆராய்ச்சி செய்துவருகிறார்கள். ஆனால் இதில் சிக்கல்கள் இருக்கின்றன.

ஒன்று, நரம்பு வழியாக ஏற்றும் எலும்புத் தாய் செல்களில் பெரும்பகுதி நுரையீரலில் போய்த் தங்கிவிடுகிறது. எலும்புக்குப் போய்ச் சேருவது ரொம்பக் கொஞ்சம்.

இரண்டு, போய்ச் சேர்ந்தாலும் அங்கே சூழ்நிலை மாறவில்லை. ஈஸ்ட்ரோஜன் இல்லை, சத்து இல்லை, வேலை இல்லை. புதிதாக வந்த செல்லும் அதே கொழுப்பு வழிக்குத்தான் திரும்பும்.

மூன்று, எலும்பு மெலிவு ஓரிடத்தில் இருக்கிற நோய் இல்லை. முதுகு, இடுப்பு, மணிக்கட்டு என்று உடம்பு முழுக்க இருப்பது. ஓரிடத்தில் ஊசி போட்டு எல்லா எலும்பையும் கட்ட முடியாது.

"அப்ப மஜ்ஜை மாற்று சிகிச்சைன்னு சொல்றாங்களே?" அது உண்மை. ஆனால் அது முதல் குடும்பமான ரத்தத் தாய் செல்களை வைத்துச் செய்வது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கானது. இந்தியாவில் 1983-இல் மும்பை டாடா மருத்துவமனையில் தொடங்கியது. நம் வேலூர் சி.எம்.சி.யில் 1986-இலிருந்து செய்கிறார்கள். பல உயிர்களைக் காத்த சிகிச்சை. எலும்பு மெலிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பேர் ஒன்றாக இருப்பதால் இதைக் காட்டி அதை விற்கப் பார்ப்பார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ரத்த நோய் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் ஏற்றுவதை ஆராய்ச்சியாக மட்டுமே, உரிய அனுமதியோடு செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எலும்பு மெலிவு அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. ஆராய்ச்சி என்றால் அது அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். ஆராய்ச்சி மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. "இது புது ஆராய்ச்சி, இவ்வளவு லட்சம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால், அந்த ஒரு வார்த்தையே நமக்குப் போதும்.

உள்ளே இருக்கிற செல்லையே எழுப்பலாம்

மனசு விட்டுவிட வேண்டாம். வெளியிலிருந்து செல்லைக் கொண்டுவர வேண்டியதில்லை. நம்மிடம் மிச்சமிருக்கும் தாய் செல்லையும் கட்டுகிற செல்லையும் வேலைக்கு அனுப்புகிற வழிகள் இருக்கின்றன. இடிக்கிற ஆளைக் கட்டுப்படுத்தவும் மருந்து இருக்கிறது.

முதலில் நோய் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு டெக்சா ஸ்கேன் என்று ஒரு சோதனை. வலி கிடையாது, படுத்திருந்தால் போதும். அதில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்பு மெலிவு என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தது. இலவச முகாம்களில் குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். அது முதல்கட்டச் சோதனைதான். அதை மட்டும் வைத்து "உங்க எலும்பு போச்சு" என்று சொன்னால் நம்பி மருந்து வாங்கிவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மருந்துகளில் பெரும்பாலானவை இடிக்கிற செல்லைக் கட்டுப்படுத்துபவை. வாரம் ஒரு மாத்திரை, வருஷத்துக்கு ஓர் ஊசி, ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி என்று வகைகள் உண்டு. வாரம் ஒரு முறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. ஆறு மாத ஊசி போடுபவர்கள் தேதி தவறக்கூடாது. நடுவில் விட்டால் இடிப்பு பல மடங்கு வேகமாகத் திரும்பி வந்து முதுகெலும்பு முறியலாம்.

கட்டுகிற பக்கத்தைத் தூண்டும் மருந்தும் இருக்கிறது. டெரிபாராடைட் என்ற ஊசியை அமெரிக்க அரசு 2002-இல் அங்கீகரித்தது. தினமும் தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் இந்த மருந்து, கட்டுகிற செல்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காசில்லாத வைத்தியம்: எலும்புக்கு வேலை கொடுப்பது

தாய் செல்லைக் கட்டுகிற பக்கம் தள்ளுவதில் பெரிய சக்தி எது தெரியுமா? எலும்பின் மேல் விழும் பாரம். எலும்புக்கு வேலை இருந்தால் கட்டுகிற ஆள் வருவார். வேலை இல்லை என்றால் கொழுப்புதான் சேரும். விண்வெளிக்குப் போகும் வீரர்களுக்கு அங்கே உடல் எடையே தெரியாது. அதனால் இடுப்பு எலும்பில் மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். நல்ல திடகாத்திரமான இளைஞர்களுக்கே அந்த நிலை. மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருக்கும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் அதுவே நடக்கிறது.

"நாங்க பொழுதுக்கும் வேலைதான் செய்யறோம்" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் பீடி சுற்றுவது, பூக்கட்டுவது, தையல் மெஷினில் உட்காருவது எல்லாம் எலும்புக்குப் பாரம் தருவதில்லை. தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். நாற்காலியில் கையூன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காருங்கள். படி ஏறுங்கள். ஏற்கெனவே எலும்பு மெலிவு வந்தவர்கள் மட்டும் குனிந்து கனமான பொருளைத் தூக்க வேண்டாம். முதுகெலும்பு நசுங்கும்.

சாப்பாடும் வெயிலும்

கட்டுகிற ஆள் வந்துவிட்டார். செங்கல், சிமெண்டு வேண்டாமா? நம் உடம்பில் இருக்கும் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். 2020-இல் சொன்ன கணக்குப்படி ஒரு பெண்ணுக்குத் தினம் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு 1200 மில்லிகிராம்.

நம் சமையலறையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

கேழ்வரகு: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். அரிசியில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.
பால், தயிர்: ஒரு பெரிய டம்ளரில் (200 மில்லி) சுமார் 240 மில்லிகிராம்.
முருங்கைக்கீரை: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். அகத்திக்கீரையில் இன்னும் அதிகம்.
எள்: தோலோடு இருக்கும் எள்ளில் ஒரு மேசைக்கரண்டிக்கு 100 மில்லிகிராம் அளவில்.
நெத்திலி போல முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன், அதன் கருவாடு.

காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும், மதியம் ஒரு கீரை, ராத்திரி ஒரு டம்ளர் பால், இடையில் ஓர் எள்ளுருண்டை. இதுவே முக்கால் கிணறு தாண்டின மாதிரி. ஆனால் நம் வீட்டில் பாலை யார் குடிக்கிறார்கள்? கறவை மாடு வாங்கச் சங்கத்தில் கடன் எடுத்திருப்போம். கறந்த பாலை ஒரு சொட்டு வைக்காமல் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, நாம் வரக்காபி குடிப்போம். கடன் தவணைக்கு முன்னால் ஒரு டம்ளர் பாலை எடுத்து வைப்பது செலவு இல்லை, சேமிப்பு.

கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அது வெயிலில் கிடைக்கிறது. வெயில் நன்றாக ஏறின நேரத்தில், முகமும் கையும் படும்படி கொஞ்ச நேரம் நிற்பது நல்லது. பருப்பு, முட்டை, கடலை போன்ற புரதமும் வேண்டும். சிறுநீரகக் கோளாறோ கல்லோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கால்சியம் மாத்திரை வாங்க வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் எலும்புக்கு ஆகாது.

வளர்கிற பெண் பிள்ளைகளுக்கு ஒரு சேமிப்பு

எலும்பும் ஒரு சேமிப்புக் கணக்குதான். சுமார் 30 வயது வரை போடுகிற காலம். அதற்குப் பிறகு போடுவது குறைந்து, மாதவிலக்கு நின்றதும் எடுப்பது கூடிவிடும். சின்ன வயதில் எவ்வளவு போட்டு வைத்தோமோ அதுதான் கடைசி வரை வரும். நம் பெண் பிள்ளைகளுக்கு முட்டையும் பாலும் கொடுங்கள். வயதுக்கு வந்ததும் "இனி ஓடாதே, குதிக்காதே" என்று உட்கார வைக்காதீர்கள். ஓடுவதும் குதிப்பதும்தான் அவள் எலும்பில் விழும் சந்தா.

குழுவில் செய்ய வேண்டியவை

ஊக்குநரும் பிரதிநிதியும் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டி, கீழே உள்ளவற்றைப் பேசுங்கள்.

1. நம் குழுவில் யாருக்கு ஆபத்து அதிகம்? 45 வயதுக்கு முன்னால் மாதவிலக்கு நின்றவர்கள், சினைப்பை எடுத்தவர்கள், மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், லேசாக விழுந்து எலும்பு முறிந்தவர்கள், கூன் விழுந்தவர்கள், இளம் வயதில் இருந்த உயரத்தில் 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தவர்கள். இவர்களை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தனியாகப் போகத் தயங்கினால் ஒருவர் துணைக்குப் போங்கள்.

2. ஸ்டெம் செல் சிகிச்சைக்குக் கடன் கேட்டு உறுப்பினர் வந்தால் விரட்டாதீர்கள், வலியில்தான் கேட்கிறார். இந்த நாலு கேள்வியை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: என்ன நோய் என்று எழுதிக் கொடுத்தார்களா? இந்த நோய்க்கு இந்தச் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டதா? ஆராய்ச்சி என்றால் பதிவு எண் என்ன, ஏன் காசு? அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர் இதை வேண்டும் என்கிறாரா? நாலுக்கும் பதில் வந்த பிறகு தீர்மானம் போடலாம். பதில் வரவில்லை என்றால், அந்தப் பணத்தில் ஸ்கேனும் முறையான மருந்தும் பார்க்கக் கடன் கொடுங்கள்.

3. வீட்டில் விழாமல் இருக்க வழி செய்யுங்கள். குளிக்கிற இடத்தில் பாசி தேய்த்துக் கழுவுவது, வாசற்படியில் ராத்திரி விளக்கு, வழுக்காத செருப்பு, கண் புரையைச் சரிசெய்வது. உடைந்த எலும்பில் பெரும்பாலானவை விழுந்ததால் உடைந்தவை.

4. வாரத்தில் இரண்டு நாள் கூட்டாக நடக்கலாம். பேசிக்கொண்டே நடந்தால் தூரம் தெரியாது.

அக்டோபர் 20 உலக எலும்புப்புரை தினம். அதற்குள் ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர்களில் ஆபத்து அதிகம் உள்ளவர்களின் பட்டியலைத் தயாரித்துக் கூட்டமைப்புக்கு அனுப்பினால், பரிசோதனைக்கு ஒரே நாளில் ஏற்பாடு செய்யக் கேட்க நமக்கு வசதியாக இருக்கும்.

நாற்பது வருஷம் வீட்டையும் காட்டையும் தாங்கின எலும்பு இது. அதற்குள் இன்னும் தாய் செல் இருக்கிறது, வேலை செய்யத் தயாராக. அதற்கு வேலையும் சாப்பாடும் கொடுப்போம். தெரியாத ஊசிக்குத் தெரிந்த காசைக் கொடுக்க வேண்டாம்.